கிண்ணத்துக்குள் ஒரு தற்கொலை

நேற்றிரவு ஆயிரக்கணக்கில் செத்துப்போனார்கள் என்றார் டொக்டர் கௌசல்யா. நான் குனிந்து பார்த்தேன். சின்னக் கண்ணாடிக் கிண்ணம். அடியில் இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் தண்ணீர். பிணம் ஒன்றையும் காணவில்லை.

"பிரேதம் எங்க, பிள்ளை?" என்று கேட்டேன்.

"கண்ணுக்குத் தெரியாது ஐயா. நரம்புக் கலங்கள், செல் எண்டு சொல்லுறது. கோழிக் கருவில இருந்து எடுத்தது."

"செத்ததும் கண்ணுக்குத் தெரியாது, கொன்றவனும் கண்ணுக்குத் தெரியாது" என்றான் ஸஜீத். "பெரியவர், இந்தக் கேஸுக்கு முதல்ல உங்கட மூக்குக்கண்ணாடிய மாத்தோணும்."

ஸஜீத் என் உதவியாள். ஓட்டோ அவனுடையது. அந்த ஓட்டோவுக்குப் பிரேக் சில நேரம் பிடிக்கும். அவன் வாய்க்கு ஒருநாளும் பிடித்ததில்லை. மன்னாரிலிருந்து சின்ன வயதில் துரத்தப்பட்டு வந்து, புத்தளத்து முகாமில் வளர்ந்து, இன்று இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பா. எதற்கும் சிரிப்பான்.

நான் யோசேப்பு. புத்தளத்து உப்பளத்தில் காவல்காரனாக இருந்தவன். படிப்பு இல்லை. ஆட்களை நம்புகிற பழக்கமும் இல்லை. இந்த இரண்டாவதை வைத்துத்தான் இப்போது பிழைப்பு. காணாமற்போன வலை, போட் எஞ்சின், மாடு, சில வேளை மாப்பிள்ளை, எதுவென்றாலும் தேடிக் கொடுப்பேன். மருந்துப் போத்தல் தேட வந்தது இதுதான் முதல் தடவை.

கட்டடம் மதுரங்குளிக்குக் கிட்ட, கடல் உள்வாங்கின களப்பைப் பார்த்தபடி இருக்கிறது. சண்டை முடிந்த பிறகு வெளிநாட்டுக் காசில் கட்டினது. கீழே இறாலுக்கு நோய் பார்க்கும் அறை. மேலே கௌசல்யாவின் அறை. அந்த அறைக் குளிர்ப்பெட்டியில் இருந்த ஒரு சின்னப் போத்தல் காலையில் காணவில்லை. பெட்டிப் பூட்டின் திறப்பு இரண்டு பேரிடம். ஒருவர் கௌசல்யா. மற்றவள் கட்டடம் கூட்டித் துடைக்கிற மஹ்மூதா.

மஹ்மூதா கதவோரம் நின்றாள். கனமூலை ஊர்க்காரி. ஸஜீத்தின் பெரியும்மா மகள், அவனுக்கு ராத்தா, அக்கா முறை. எங்களைக் கூப்பிட்டு அனுப்பியதும் அவள்தான். கொழும்பிலிருந்து கட்டடத்தின் மேலதிகாரியான பணிப்பாளர் ஜீப்பில் வந்துகொண்டிருந்தார். வந்ததும் பொலிஸைக் கூப்பிட்டு அவளை ஒப்படைப்பேன் என்று தொலைபேசியில் சொல்லியாயிற்று. அவர் வருவதற்குள் போத்தல் கிடைத்தால் அவளுக்கு வேலையும் மானமும் மிஞ்சும். இல்லாவிட்டால் பொலிஸ் நிலையத்து மரவாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"வல்லாஹி, அந்தப் போத்தல நான் கொண்டு போகல்ல" என்றாள். வந்ததிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ராத்தா பொய் சொல்லமாட்டா பெரியவர்" என்றான் ஸஜீத்.

"உன்ர ராத்தா எண்டபடியாலதான் நான் இன்னும் கூடக் கவனிக்கிறன்" என்றேன்.

அவன் முகத்தைச் சுளித்தான். நான் கௌசல்யாவின் பக்கம் திரும்பினேன்.

"சரி பிள்ளை. இதுகளை ஆர் கொன்றது?"

"ஒருத்தரும் கொல்லல்ல ஐயா. அதுகளே தங்களைக் கொன்றிட்டுதுகள்."

"தற்கொலையோ?"

"அப்படித்தான். சாப்பாடு இருந்தது, சூடு இருந்தது, காத்து இருந்தது. அந்தப் போத்தல்ல இருக்கிற வளர்ச்சிக் காரணி மட்டும் போதல்ல."

படித்தவர்கள் ஒன்றைச் சொன்னால் நான் மூன்று தடவை கேட்பேன். மூன்று தடவையும் ஒரே மாதிரிச் சொல்கிறார்களா என்று பார்க்கத்தான். இந்தப் பிள்ளை மூன்று தடவையும் கோபப்படாமல் சொன்னது. எனக்கு விளங்கியது இவ்வளவுதான்.

நரம்பும் மூளையும் ஆகப்போகிற கலங்களை உடம்பு கருவிலேயே தேவைக்கு மேலால் செய்து விடுகிறது. ஒவ்வொன்றும் நூல் போல ஒரு கையை நீட்டிக்கொண்டு தன் இடத்தைத் தேடிப் போகிறது. தசைக்குப் போவது தசைக்கு, தோலுக்குப் போவது தோலுக்கு. சரியான இடத்தைப் பிடித்ததற்கு அங்கிருந்து இந்தக் காரணி கொஞ்சம் கிடைக்கும். "நீ தேவை, நீ இரு" என்கிற செய்தி மாதிரி. கிடைத்தது வாழும், கிளை விடும், பக்கத்துக் கலத்தோடு சேரும். கிடைக்காதது தனக்குள்ளேயே ஒரு சுவிட்சைப் போட்டுத் தன்னைக் கலைத்துவிடும்.

"விளங்கிட்டு மிஸ்" என்றான் ஸஜீத். "முகாம்ல எங்களுக்குத் தந்த நிவாரணக் கூப்பன் மாதிரி. கூப்பன் இரிந்தா அரிசி, பருப்பு. இல்லாட்டி வாப்பா போய்ச் சண்டை பிடிப்பார்."

"இதுகள் சண்டை பிடிக்காது ஸஜீத். கூப்பன் இல்ல எண்டு தெரிஞ்சா கதவைச் சாத்திக்கொண்டு செத்திரும்."

"அப்ப கோழி எங்கள விட மானஸ்தன்."

கௌசல்யா சிரிக்கவில்லை. களப்போரத்துக் கண்டல் மர இலையில் இருந்து ஒரு சாறு எடுத்து, அது இந்தக் காரணி செய்கிற வேலையைச் செய்யுமா என்று பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல காரணி வேண்டும். அதுதான் அந்தப் போத்தல்.

"முந்தநாளும் ஊத்தினன், நேற்றும் ஊத்தினன். எண்டாலும் இரவு கனக்கச் செத்திட்டுது. காலையில வந்து மிச்சத்துக்கு ஊத்துவம் எண்டு பார்த்தா போத்தலே இல்ல" என்றார்.

நான் குளிர்ப்பெட்டியைத் திறக்கச் சொன்னேன். புதுப் பெட்டி, உள்ளே விளக்குப் பளிச்சென்று எரிந்தது. தட்டு நிறையப் போத்தல்கள். எல்லாவற்றிலும் ஆங்கிலம். நடுவில் ஒரு வெற்றிடம்.

"இதில ஆக விலை கூடினது எது?"

அவர் பின்வரிசையில் ஒன்றைக் காட்டினார். அதை யாரும் தொட்டிருக்கவில்லை.

"காணாமற்போனதில என்ன எழுதியிருந்தது? இங்கிலீசோ?"

"இல்ல ஐயா. அதில மட்டும் தமிழ்ல எழுதி ஒட்டினன். மஹ்மூதா ராத்தா துடைக்கேக்க தெரியோணுமே. 'வளர்ச்சிக் காரணி. தொடவேண்டாம்' எண்டு."

ஸஜீத் தலையில் கை வைத்தான். "மிஸ், 'நாய் கடிக்கும்' எண்டு எழுதியிரிந்தா இண்டைக்கும் இங்கதான் இரிந்திரிக்கும்."

அவன் சொன்னது சரி. காரணி என்றால் என்னவென்று இந்தக் கரையில் ஒருவனுக்கும் தெரியாது. வளர்ச்சி என்றால் தெரியாதவன் இல்லை. இங்கிருந்து சிலாபம் வரைக்கும் களப்பைப் பார்த்த காணியெல்லாம் இறால் பண்ணை. ஊரில் ஒருவனைக் கண்டால் பிள்ளை எப்படி என்று கேட்கமாட்டார்கள். "வளர்ச்சி எப்படி?" என்றுதான் கேட்பார்கள். இறாலைத்தான் கேட்கிறார்கள் என்று கேட்கிறவனுக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும்.

ஆகவே கள்ளனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், இங்கிலீசு தெரியாது, வீட்டில் வளராத இறால் இருக்கிறது.

"நேற்று மேல ஆர் வந்தது?" என்று மஹ்மூதாவிடம் கேட்டேன்.

"யூட் எண்டு ஒருத்தர். முந்தல் பக்கம் பண்ணை வெச்சிரிக்கிறார். இறால் வளரல்ல எண்டு பரிசோதிக்கக் கொண்டு வந்தார். கீழ ஆளில்ல எண்டு மேல வந்து நிண்டார். நான் கக்கூசு கழுவிக்கொண்டிரிந்தன்."

"திறப்பு?"

"மேசையில." அவள் குரல் இறங்கியது. "போத்தல நான் கொண்டு போகல்ல ஐயா."

"அதை ஏழெட்டுத் தரம் சொல்லிப்போட்டாய்" என்றேன். "ஸஜீத், வண்டியை எடு."

*

முந்தல் பக்கத்து ரோட்டில் ஓட்டோ குலுங்கியபோது ஸஜீத் பின்னால் திரும்பித் திரும்பிக் கதைத்தான்.

"முன்னால பார்த்து ஓடு."

"ரோட்டு எங்க போகப் போகுது? பெரியவர், எனக்கொரு சந்தேகம். மூளைக்கு அந்த மருந்து இல்லாட்டிச் செத்துப்போகும் எண்டா, எங்கட அரசியல்வாதிமார் எப்படி உசிரோட இரிக்கிறாங்க?"

"சாகிறதுக்கு முதல்ல அது இருக்கோணுமே" என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பில் ஓட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறியது. என் இடுப்பு இன்னும் நோகிறது.

யூட்டின் பண்ணையில் துடுப்புச் சக்கரங்கள் சுற்றித் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. யூட் வரம்பில் குந்தியிருந்தான். கழுத்தில் செபமாலை, கையில் சின்ன வலை. வலையில் நாலைந்து இறால். என் சுண்டுவிரல் அளவும் வராது.

"வளர்ச்சி எப்படி தம்பி?" என்றேன்.

"என்னத்தைச் சொல்ல அண்ணே. போன முறை வெள்ளைப்புள்ளி நோய் வந்து எல்லாம் செத்தது. இந்த முறை சாகுதுமில்ல, வளருதுமில்ல. சும்மா திண்டுபோட்டு என்னைப் பார்க்குதுகள்."

"என்ட மச்சான் மாதிரி" என்றான் ஸஜீத்.

கள்ளனிடம் "நீ எடுத்தாயா" என்று கேட்கிறவன் மடையன். இல்லை என்றுதான் சொல்லுவான். நான் வேறு மாதிரி. விஷயத்தைப் பிழையாகச் சொல்லுவேன். பிழையைக் கேட்டுக்கொண்டு திருத்தாமல் இருக்க மனுசனால் முடியாது. பொலிஸ்காரனே முடியாமல் மாட்டிக்கொண்டதை உப்பளத்தில் கண்டிருக்கிறேன்.

"மதுரங்குளிக் கட்டடத்தில களவு போயிருக்கு, கேள்விப்பட்டியோ?" என்றேன். "வளர்ச்சி மருந்து. பெரிய உரமூட்டை அளவு. தோளில தூக்கிக்கொண்டு படியால இறங்கியிருக்கிறான். பலமான ஆள்."

யூட் சிரித்துவிட்டான். "மூட்டையோ? ஆர் அண்ணே உங்களுக்குச் சொன்னது? அது என்ர பெருவிரல் அளவு வராது, அதைப் போய்…"

அவன் பெருவிரல் நீட்டியபடியே நின்றது.

"யூட் அண்ணே" என்றான் ஸஜீத், மெல்லமாக. "அந்தப் பெருவிரலக் கொஞ்சம் காட்டுங்க, அளந்து பார்ப்பம்."

யூட் வலையைக் கீழே போட்டான். பொய் சொல்ல வாயைத் திறந்தான், சரிவரவில்லை, மூடிக்கொண்டான். கொட்டிலுக்குள் போய் மீனுக்கு ஐஸ் போடும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியைத் தூக்கி வந்தான். ஐஸுக்கு நடுவில் இரண்டு மீனுக்கு இடையில் போத்தல். கௌசல்யாவின் எழுத்து ஒட்டியபடியே இருந்தது.

"ஊத்தினியோ?" என்றேன்.

"இல்ல அண்ணே. மாதா சத்தியமா மூடியைக்கூடத் திறக்கல்ல."

"ஏன்?"

"ஒரு குளத்துக்கு எத்தனை சொட்டு எண்டு அதில எழுதியில்ல." அவனுக்கு அதில் உண்மையாகவே கோபம். "மருந்து எண்டா அளவு எழுதோணும்தானே?"

"நல்ல காலம்" என்றான் ஸஜீத். "இது மூளை மருந்து. ஊத்தியிரிந்தா உங்கட இறாலுக்கெல்லாம் புத்தி வந்திரிக்கும். பிறகு வலையக் கண்டா ஒண்டும் கிட்ட வராது. கூட்டம் கூடி உங்களைப் பிடிச்சு வித்திரிக்கும்."

யூட் குளத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பாதி நம்பிவிட்டான் போல.

"பொலிஸுக்குச் சொல்லுவீங்களோ அண்ணே?"

"அதை நான் பிறகு யோசிக்கிறன். இந்த ஐஸ் பெட்டியையும் தா."

*

மஹ்மூதா போத்தலைக் கண்டதும் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கேஸ் முடிஞ்சுது ராத்தா!" என்று ஸஜீத் கத்தினான். "பெரியவருக்கு ஒரு பிளேன் டீ, எனக்கு ரெண்டு!"

"பொறு" என்றேன். "பிள்ளை, உள்ளுக்க இருக்கிறது மருந்துதான் எண்டு எப்படித் தெரியும்? அவன் மூடி திறக்கல்ல எண்டு சொன்னதை நான் நம்பத் தேவையில்லைத்தானே."

கௌசல்யா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். "அதைக் கலங்களிட்டயே கேப்பம் ஐயா."

உயிரோடு மிஞ்சிய கிண்ணம் ஒன்றை, சின்னதைப் பெரிதாக்கும் நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்தார். பக்கத்தில் ஒரு டிவி. அதில் தெரிந்ததைக் கண்டு ஸஜீத்தே வாயை மூடினான். உருண்டை உருண்டையாகக் கலங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் நூல் ஒன்று நீண்டிருந்தது. நூலின் நுனியில் கை மாதிரி ஒன்று விரிந்து, விரல்களால் தடவிக்கொண்டிருந்தது. இருட்டில் ஒருவன் சுவரைத் தடவிச் சுவிட்ச் தேடுகிற மாதிரி.

"இந்தப் பக்கத்தில மெல்லிய குழாயால காரணியை விடப்போறன்" என்றார். "நல்ல காரணி எண்டா அந்தக் கைகள் அது வாற பக்கம் திரும்பும். ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்கிற நேரம் போதும்."

தேத்தண்ணி குடித்தோம். குடித்து முடிந்து கோப்பையையும் கழுவி வைத்தாயிற்று. கைகள் தடவிக்கொண்டே இருந்தன. ஒன்றும் திரும்பவில்லை. ஒன்றிரண்டு சுருங்கத் தொடங்கின.

"மாத்திப்போட்டான்!" என்று நான் எழும்பினேன். "மாதா சத்தியமாம்! ஸஜீத், வண்டியை எடு. அவனை அந்தக் குளத்துக்குள்ளயே…"

"நில்லுங்க ஐயா." கௌசல்யாவின் கண் டிவியை விட்டு அகலவில்லை. "யூட் இல்ல."

"ஏன் இல்ல?"

"முந்தநாள் இதே போத்தல்ல இருந்துதான் ஊத்தினன். அண்டைக்கு யூட் இந்தப் பக்கமே வரல்ல. அப்ப ஊத்தினதும் செத்துது. அளவைக் குறைச்சு ஊத்திட்டன் எண்டு நினைச்சு ரெண்டு நாளா என்னையே திட்டிக்கொண்டிருக்கிறன். அளவு பிழையில்ல. யூட் களவெடுக்க முதலே இதுக்குள்ள இருந்தது தண்ணி." அவர் திரும்பினார். "அந்த ஆள் களவெடுத்ததே களவெடுத்து முடிஞ்ச போத்தலை."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரெல்லாம் சந்தேகப்படுகிறவன், முன்னால் செத்துக்கிடந்த சாட்சிகளை விசாரிக்கவில்லை. அந்தப் பிள்ளை விசாரித்துவிட்டது.

பிறகுதான் காலையிலிருந்து என் காதில் கிடந்த ஒரு சொல் அசைந்தது.

போத்தல நான் கொண்டு போகல்ல. வல்லாஹி, போத்தல. அத்தனை தரமும் போத்தல். ஒரு தரமாவது அவள் மருந்து என்று சொல்லவில்லை. அல்லாவின் பெயரைச் சொல்லிப் பொய் சத்தியம் செய்ய அவளுக்குப் பயம். ஆகவே எந்தச் சொல்லில் சத்தியம் செய்யலாம் என்று பார்த்துச் செய்திருக்கிறாள்.

"மஹ்மூதா" என்றேன். "போத்தலை நீ கொண்டு போகல்ல. அதை நான் நம்புறன். உள்ளுக்க இருந்ததை?"

"பெரியவர், என்ன கத இது!" என்று ஸஜீத் பாய்ந்தான். "எங்கள நம்பிக் கூப்பிட்ட ஆளயே…"

"ஸஜீத், சும்மா இரி" என்றாள் மஹ்மூதா.

அவள் தலைச்சேலையைச் சரிசெய்துகொண்டாள். கௌசல்யாவைப் பார்த்துத்தான் சொன்னாள், எங்களையில்லை.

"சும்மா தண்ணி ஊத்தல்ல மிஸ். ஸம்ஸம் தண்ணிதான் ஊத்தினன். ஹஜ்ஜுக்குப் போனவங்க மக்காவில இருந்து கொண்டு வந்து தந்தது. உங்கட பிள்ளைகளுக்கு உப்புத் தண்ணிய ஊத்த எனக்கு மனசு வரல்ல."

களவெடுத்த இடத்தில் தன் வீட்டில் இருந்த ஆக உயர்ந்த பொருளை வைத்துவிட்டுப் போன கள்ளியை நான் அதுவரைக்கும் கண்டதில்லை.

"ஏன் ராத்தா?" என்றார் கௌசல்யா. குரல் உயர்ந்தது. கோபம்தான் அது. கோபப்பட அவருக்கு உரிமை உண்டு.

"நீங்கதானே மிஸ் சொன்னீங்க. இதென்ன எண்டு நான் கேக்க, 'இது இரிந்தா மூளைக் கலம் உசிரோட இரிக்கும், இல்லாட்டிச் செத்துப் போயிடும்' எண்டு. எங்கட அவருக்கு…"

அவளுடைய புருசன் ஹாசிமை எனக்குத் தெரியும். உப்பு லொறி ஓட்டினவன், பாட்டுக்காரன். மூளையில் இரத்தம் அடைத்து விழுந்து எழும்பினான். உடம்பு எழும்பியது, மிச்சம் எழும்பவில்லை.

"விடிய எழும்பினா என்னப் பாத்து, 'தங்கச்சி, நீங்க ஆர்ட பொஞ்சாதி?' எண்டு கேக்கிறார். உங்கட எண்டு சொன்னா வெக்கப்பட்டுச் சிரிக்கிறார்." அவளும் சிரிக்கப் பார்த்தாள். "வெள்ளிக்கிழம ஓதிக் குடுப்பம் எண்டு வீட்டு ஃபிரிஜ்ஜில வெச்சிரிக்கிறன். ஒரு சொட்டு மட்டும் நாக்கில வெச்சுப் பாத்தன். உப்பு எண்டு துப்பிட்டார்."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே!"

"கேட்டா இல்லை எண்டு சொல்லுவீங்க மிஸ். அந்த இல்லைய இன்னொருக்காக் கேக்க எனக்கு ஏலாமப் போச்சு."

கௌசல்யா கதிரையில் உட்கார்ந்தார். பிறகு இறங்கின குரலில் சொன்னார்.

"இல்லைதான் ராத்தா. குடிச்சா வயிறு இதையும் முட்டை மாதிரிச் செரிச்சுப்போடும். மூளைக்குள்ள போகவே போகாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்யோணும். நடந்தா கொஞ்சம் கூடச் செய்யும் எண்டு சொல்லுறாங்க. அவரை நடக்க வைங்க. கதைக்க வைங்க. செத்த கலம் திரும்பி வராது. மிஞ்சினது புதுசாக் கிளை விடலாம். அதுக்கு மேல நான் சொன்னா பொய்."

மூன்று தடவை கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"ஸஜீத்" என்றேன். "கனமூலைக்குப் போ. அந்த ஃபிரிஜ்ஜில இருக்கிறதை இந்த ஐஸ் பெட்டியில வெச்சுக் கொண்டு வா. வழியில கதைக்காத."

அவன் கதைக்காமல் போனான். வரும்போது பழைய வாசனைத் திரவியக் குப்பி ஒன்று ஐஸுக்குள் இருந்தது. கௌசல்யா அதைக் குழாயில் எடுத்து விட்டார். இந்த முறை யாரும் தேத்தண்ணி கேட்கவில்லை. டிவியில் ஒரு கை தடவியது, நின்றது. பிறகு மெல்ல, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல, அந்தப் பக்கம் திரும்பியது. அதற்குப் பக்கத்தில் இருந்ததும் திரும்பியது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் மஹ்மூதா. எல்லோரையும் விட அவளுக்குத்தான் சந்தோஷம். அதுதான் தன் குற்றத்துக்குச் சாட்சி என்று அவளுக்கு ஞாபகம் இல்லை.

கீழே ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது.

*

பணிப்பாளர் உயரமான மனுசர். படியேறி வந்ததும் சிங்களத்தில்தான் கேட்டார். அவர் வாயில் தமிழ்ச் சொல் ஒன்று வந்து இந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை.

"போத்தல் எங்கே? யார் எடுத்தது?"

கௌசல்யா மிச்சக் கிண்ணங்களுக்குக் காரணியை விட்டுக்கொண்டிருந்தார். கையை எடுக்க முடியாது. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மஹ்மூதா முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"சேர், போத்தல நான் எடுக்கல்ல. மருந்த நான்தான் எடுத்தன்" என்றாள் தமிழில். எல்லாவற்றையும் சொன்னாள். ஸம்ஸம், வெள்ளிக்கிழமை, எங்கட அவர், அவருக்கு ஆளைத் தெரியாதது. சொல்லி முடித்துக் கையைக் கட்டிக்கொண்டாள்.

பணிப்பாளர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஸஜீத்தைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

ஸஜீத்துக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி. ஒரு நொடி ராத்தாவைப் பார்த்தான், ஒரு நொடி என்னைப் பார்த்தான்.

"சேர், இவங்க சொல்றாங்க, இந்தக் குளிர்ப்பெட்டியின் கதவு சரியாகச் சாத்துப்படுவதில்லையாம். மருந்து பழுதாகிவிடும் என்று பயந்து வேறு பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறாங்க. டொக்டரிடம் சொல்ல மறந்துவிட்டாங்களாம். அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறாங்க."

"இவ்வளவு நீளமாகவா?"

"தமிழ் நீளமான பாஷை சேர்."

பணிப்பாளர் என்னிடம் திரும்பினார். "நீங்கள்தானே தேடிப் பிடிக்க வந்தவர்? இவன் சொல்வது சரியா?"

கௌசல்யாவின் கை நடுவில் நின்றது. உப்பளத்தில் ஒரு மூட்டைக்குக்கூட நான் யாருக்காகவும் பொய் சொன்னதில்லை. அந்தப் பெயரால்தான் என்னிடம் ஆட்கள் வருகிறார்கள். மஹ்மூதா என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தாள். நான் என்ன சொல்லுவேன் என்று தனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பாள்.

"ஹரி சேர்" என்று சிங்களத்தில் ஆமாம் போட்டேன். "கதவுதான் பிழை."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். குளிர்ப்பெட்டியையும் பார்த்தார். டிவியில் நூல்கள் அசைவதையும் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் படியை நோக்கி நடந்தார். மஹ்மூதாவைத் தாண்டும்போது நின்றார்.

"அவருக்கு இப்ப எப்படி?" என்று கேட்டார்.

தமிழில் கேட்டார். கொஞ்சம் முரடான தமிழ், ஆனால் பிழையில்லாத தமிழ்.

ஸஜீத் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

"காலமையில நடக்கக் கூட்டிக்கொண்டு போங்க. வேலைக்குக் கொஞ்சம் பிந்தி வந்தாலும் பரவாயில்ல" என்றார் பணிப்பாளர். பிறகு என் பக்கம் திரும்பி மறுபடி சிங்களத்துக்குப் போனார். "நாளை காலை கணக்காய்வுக்காரர் வருகிறார்கள். அவர்களுக்கு நான் எழுதிக்கொடுக்கப் போவது, கதவு பழுது என்று. அவர்கள் வந்து திறந்து பார்ப்பார்கள்."

ஜீப் போய்விட்டது. நாங்கள் நாலு பேரும் குளிர்ப்பெட்டியைப் பார்த்தோம். போன மாதம் வந்தது. பாதுகாப்புப் பிளாஸ்டிக் இன்னும் கைபிடியில் ஒட்டியிருந்தது. கௌசல்யா தள்ளிப் பார்த்தார். பக்கென்று சாத்திக்கொண்டது, நல்ல வங்கிப் பெட்டகம் மாதிரி.

"மிஸ்" என்றான் ஸஜீத், குரல் திரும்பி வந்ததும். "உள்ளுக்க இரிக்கிற சாமானெல்லாம் கீழ இரிக்கிற பெட்டிக்கு மாத்துங்க."

கீழே போய் ஓட்டோவிலிருந்து ஸ்பானரும் ஸ்குரூட்ரைவரும் எடுத்துக்கொண்டு வந்தான். கீல் ஆணியில் வைத்து அழுத்தினான். புதுசு, இலேசில் அசையவில்லை.

"பார்த்துக்கொண்டு நிக்காம வாங்க பெரியவர்" என்றான். "பொய் சொல்றது சுகம். வேலை இதுதான்."

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.